உழைக்கும் தசையை அறிவோம்

(கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

சங்கக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நம் உடம்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி தலைவர் பணித்தார். நான் வைத்தியன் அல்லன். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுத் தோட்ட ஆபீசில் பேனா பிடிப்பவன். ஆனால் செக்ரோல் எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும். அதில் நாள் உண்டு, எடை உண்டு, ரிங்கிட்டும் காசும் உண்டு. அந்தப் பாலைச் சுமந்த தோளுக்கும், உளி பிடித்த மணிக்கட்டுக்கும் அதில் ஒரு வரியும் கிடையாது. எழுதப்படாத அந்தக் கணக்கைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

தசையின் அமைப்பு

எலும்பைப் பற்றி நின்று அதை அசைக்கும் சதையை எலும்புத் தசை என்கிறோம். நம் உடம்பில் இத்தகைய தசைகள் 600-க்கு மேல் உள்ளன. உடல் எடையில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு இவைதாம். இருதயமும் குடலும் நம்மைக் கேளாமல் வேலை செய்கின்றன. எலும்புத் தசையோ நாம் நினைத்தபடி அசைவது.

ஒரு கயிற்றைப் பிரித்துப் பாருங்கள். கயிற்றுக்குள் புரி, புரிக்குள் இழை, இழைக்குள் நார். தசையும் அப்படியே. அதற்குள் இழைகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. ஒவ்வோர் இழையும் ஓர் உயிரணு. அது தலைமயிரைவிட மெல்லியதாக இருந்தும், பல தசைகளில் சென்டிமீட்டர் கணக்கில் நீண்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் ஒரு வெள்ளைச் சவ்வு போர்த்தியிருக்கிறது. ஆட்டிறைச்சி அரியும்போது தாய்மார்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். அச்சவ்வுகள் தசையின் முனையில் ஒன்றுகூடி, கெட்டியான நாணாகி எலும்பில் ஒட்டுகின்றன. குதிகாலுக்கு மேலே விரலை வைத்தால் அப்படிப்பட்ட நாண் ஒன்று தட்டுப்படும்.

இழைக்குள் இன்னும் மெல்லிய நூல்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. ஒவ்வொரு நூலும் லயத்து வீடுகளைப்போல் அறை அறையாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 400 அறைகள்! ஒவ்வோர் அறையிலும் இரண்டு வகை நார்கள் உண்டு. மெல்லிய நாருக்கு ஆக்டின் என்று பெயர். தடித்த நாருக்கு மையோசின் என்று பெயர். இரண்டும் புரதச் சத்தால் ஆனவை.

தசை எப்படிச் சுருங்குகிறது?

கையை மடக்கினால் புஜம் திரள்கிறது. உள்ளே இருக்கும் நார்களே சுருண்டு குறுகுகின்றன என்றுதான் அறிஞர் பலர் முன்பு எண்ணியிருந்தனர். 1954-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரால்ஃப் நீடர்கெர்க்கே என்ற இருவரும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் என்ற வேறு இருவரும் தனித்தனியே ஆராய்ந்து, ஒரே விஞ்ஞானப் பத்திரிகையின் ஒரே இதழில் உண்மையை வெளியிட்டனர். நார்களின் நீளம் குறைவதில்லை. மெல்லிய நார் தடித்த நாரின் இடையே சறுக்கி நுழைகிறது என்பதே அவர்கள் கண்டது.

திருவிழாவில் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு குட்டையாவதில்லை. ஆட்கள் பிடிக்கிறார்கள், இழுக்கிறார்கள், கையை விட்டு முன்னால் மாற்றி மறுபடியும் பிடிக்கிறார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் கையை விட்டால் கயிறு போய்விடும். சிலர் பிடித்திருக்க மற்றவர் கை மாற்ற வேண்டும். மையோசின் நாரிலும் கைகளைப்போன்ற சிறு தலைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை இம்முறையில்தான் ஆக்டினை இழுக்கின்றன. ஒரு தலையின் பலம் அற்பம். கோடானுகோடி தலைகள் சேரும்போது வாளி எழும்புகிறது. ஒற்றுமையின் பலத்தைச் சங்கத்தாருக்கு நான் சொல்லித் தரவேண்டுமா?

இழுக்கச் சொல்லும் உத்தரவு மூளையிலிருந்து நரம்பு வழியாக வருகிறது. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் ரசம் கசிகிறது. உடனே இழை முழுவதும் மின்சாரம் போன்ற ஓர் அதிர்வு பரவுகிறது. இழைக்குள் பைகளில் பூட்டி வைத்திருந்த சுண்ணாம்புச் சத்து வெளியே பாய்கிறது. ஆக்டின் மீது மையோசின் கைவைக்க முடியாதபடி ஒரு மூடி இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து வந்தவுடன் மூடி விலக, இழுப்பு தொடங்குகிறது. இதை விளக்கிக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜப்பானிய அறிஞர் எபாஷி, காலம் 1960-கள்.

விடுவதற்கும் பலம் வேண்டும்

தோழர்களே, இனி நான் சொல்வதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இழுப்பதற்குப் பலம் வேண்டும் என்பது யாவர்க்கும் தெரியும். பிடியை விடுவதற்கும் பலம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஏ.டி.பி. என்றொரு பொருள்தான் தசையின் எரிபொருள். ஒவ்வொரு தலையும் இழுத்து முடித்தபின், புதிதாக ஓர் ஏ.டி.பி. வந்து ஒட்டினால்தான் ஆக்டினை விட்டு நீங்கும். வெளியே பாய்ந்த சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பைக்குள் இறைத்து ஊற்றவும் ஏ.டி.பி. செலவாகிறது. இறந்தவர் உடம்பு சில மணி நேரத்தில் விறைத்துப்போவது ஏன்? ஏ.டி.பி. தீர்ந்துவிட்டது, பிடித்த தலைகள் விட வழியின்றி அப்படியே நின்றுவிட்டன. அதுதான் காரணம்.

தசையில் கையிருப்பாக உள்ள ஏ.டி.பி. சில விநாடிகளுக்கே போதும். பிறகு அதை விடாமல் உற்பத்தி செய்தாக வேண்டும். அதற்கு உணவின் சத்தும், இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவும் தேவை. ஆகையால் மூச்சு வாங்க ஒருவர் வாளியை இறக்கி வைத்தால், "சோம்பேறி" என்று சொல்லும் வாய்க்கு உடற்கூறு தெரியாது என்றே பொருள். ஓய்வும் வேலையின் ஒரு பகுதியே.

நம் வேலையும் நம் தசையும்

10 கிலோ வாளியை, முழங்கையை மடக்கிக் கையில் ஏந்துவதாக வைத்துக்கொள்வோம். புஜத் தசை முழங்கை மூட்டிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டியிருக்கிறது. வாளியோ 32 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே தசை எட்டு மடங்கு, அதாவது 80 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும்! குனிந்து தூக்கினால் இதே கணக்கு இடுப்புக்கு வந்து சேருகிறது. வாளியை உடம்போடு ஒட்டி, முழங்காலை மடக்கித் தூக்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

தலைக்கு மேல் கோடு சீவுகிறவர்களுக்குக் கை சீக்கிரம் மரத்துப்போகும். அசையாமல் இறுகி நிற்கும் தசை தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. பிராணவாயு வந்து சேருவதில்லை. இரண்டு மரத்துக்கு ஒரு முறையாவது கையைத் தொங்கவிட்டு உதறிக்கொள்ளுங்கள். மழுங்கிய உளி அதிக பலம் கேட்கும். தீட்டிய உளியே தசைக்கு நண்பன். கிராணிமார்களும் சிரிக்க வேண்டாம். நாள் முழுதும் கணக்கின் மீது குனிந்த கழுத்துக்கும் இதே கதிதான்.

மறுநாள் வரும் உடம்பு வலிக்குப் புளிப்பு அமிலம் தேங்குவதே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அது தவறு. அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும். பழக்கமில்லாத வேலையில், முக்கியமாகப் பாரத்துடன் மேட்டிலிருந்து இறங்கும்போது, இழைகளில் நுண்ணிய காயங்கள் உண்டாகின்றன. வலி அதனால் வருவது. சில நாளில் இழை செப்பனிடப்பட்டு உறுதி பெறும். அந்த வேலைக்குப் பருப்பு, மீன், முட்டை, பயறு முதலியவற்றின் புரதம் வேண்டும். ஆனால் கடும் வேலைக்குப்பின் தாங்கமுடியாத வலியும், கறுத்த தேநீர் நிறத்தில் சிறுநீரும் கண்டால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இன்னொன்று. தசை செலவிடும் சக்தியில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கே வேலையாகிறது, எஞ்சியது உஷ்ணம். வியர்ப்பது அதனால்தான். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் நிரைக்குள் போகாதீர்கள்.

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, இடையில் அரை மணிக்குக் குறையாத ஓய்வு தரவேண்டும் என்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் தருகிறது. ஏட்டில் இருக்கும் இவ்வுரிமையை நிரையிலும் நிலைநாட்டுவது நம் பொறுப்பு. இனி யாராவது "ஓய்வு எதற்கு?" என்று கேட்டால், தலைகுனிய வேண்டாம். "பிடித்த கை விட்டால்தான் மறுபடியும் பிடிக்க முடியும்" என்று நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்.