மண்ணுக்குள் கிடக்கும் போர் இரும்பு

(ஆழ்வார்பேட்டையில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மண்ணைத் தோண்டுவது நம் அன்றாடத் தொழில். கிணறு வெட்டுகிறோம், ஏரியில் தூர் எடுக்கிறோம், வீட்டுக்குக் கடைகால் பறிக்கிறோம். அப்போது கொழு முனையிலோ கடப்பாறை முனையிலோ இரும்பு ஒன்று தட்டுப்படுகிறது. பெரும்பாலும் அது உடைந்த கலப்பைக் கொழுவாகவோ வண்டிப் பட்டையாகவோ இருக்கும். ஆனால் எப்போதோ ஒரு முறை அது ஒரு பீரங்கிக் குண்டாகவும் இருக்கக் கூடும். அதை எடுத்து அடித்துப் பார்ப்பதா, துலக்கி வைப்பதா, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்குவதா, அல்லது அப்படியே விட்டு விட்டு அறிவிப்பதா? அந்தச் சில நிமிஷங்களில் எடுக்கும் முடிவைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நம் மண்ணில் போர் இரும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நாம் கூடியிருக்கும் இந்த ஆழ்வார்பேட்டைக்குத் தெற்கே அடையாறு ஓடுகிறது. 1746ஆம் ஆண்டில் அந்த ஆற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைப் பிரெஞ்சுக்காரரின் சிறு படை முறியடித்தது. 1758ஆம் ஆண்டு இறுதி முதல் 1759 பிப்ரவரி வரை லாலியின் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு பொழிந்தது. கெட்டிக்காரனை ‘எம்டன்’ என்று நாம் சொல்லும் வழக்கு அன்று பிறந்ததே.

பட்டணத்தோடு இது நின்றுவிடவில்லை. வந்தவாசியில் 1760இலும், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780இலும், பரங்கிப்பேட்டையில் 1781இலும் பெரும் போர்கள் நடந்தன. புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைத் தோற்கடித்தபோது வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. போரில் மாண்ட அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் அவ்வூரில் நிற்கின்றன. படைகள் போய்விட்டன, அவை விட்டுச்சென்ற இரும்பை மண் விழுங்கிக்கொண்டது. அந்த மண்ணில்தான் நாம் ஏர் பூட்டுகிறோம். இவை போதாதென்று, இக்காலப் படைகளின் பயிற்சிக் களங்களிலிருந்து தவறி வெளியே வரும் குண்டுகளும் உண்டு.

இரண்டு நிகழ்ச்சிகளை உங்கள்முன் வைக்கிறேன். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருப்போரூரை அடுத்த மானாமதியில், 2019 ஆகஸ்டு 25ஆம் தேதி கங்கையம்மன் கோவில் பக்கம் கிடைத்த ஒரு பொருளை இளைஞர் சிலர் இன்னதென்று அறியாமல் திறந்து பார்க்க முயன்றனர். அது வெடித்தது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது, பலர் காயமுற்றனர். அந்த இளைஞர்கள் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் ஆவலே அவர்களுக்கு எமனாயிற்று.

இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தில் நடந்தது வேறு. 2018 ஜூன் மாதத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டினர். துருவேறிய பெட்டிகளில் துப்பாக்கி ரவைகளும் வெடிபொருள்களும் பெருவாரியாகக் கிடைத்தன. வேலை நிறுத்தப்பட்டது, காவல் துறைக்குச் செய்தி போயிற்று, நிபுணர்கள் வந்தனர். எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. இரண்டு ஊர்களிலும் மண்வெட்டி ஒன்றுதான். செய்த காரியமே வேறு.

துருப்பிடித்த குண்டு செத்த குண்டு என்று எண்ண வேண்டாம். உள்ளிருக்கும் மருந்து பல்லாண்டு கழிந்தும் உயிரோடிருக்கும். வெடிக்கத் தூண்டும் பகுதி துருவேறினால், சிறு அசைவுக்கும் வெடிக்கும் நிலையை அடைந்துவிடலாம். பழங்காலப் பீரங்கிக் குண்டுகளில் கெட்டி உருண்டையும் உண்டு. மருந்து அடைத்த பொள்ளல் உருண்டையும் உண்டு. துரு மூடிய பிறகு வெறுங் கண்ணால் வேறுபாடு தெரியாது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் முதல் உலகப் போரின் குண்டுகள் இன்றும் உழவில் கிளம்புகின்றன. அதை அங்கே ‘இரும்பு அறுவடை’ என்கிறார்கள். 2014 மார்ச்சில், அதாவது நூறாண்டுக்குப் பிறகு, ஈப்ரு நகரில் அத்தகைய குண்டு ஒன்று வெடித்துக் கட்டட வேலையாட்கள் இருவர் மாண்டனர்.

இப்போது மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகங்காட்டிக் கருவியைப் பற்றிச் சில சொற்கள். கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சினால் காந்த மண்டலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் மெல்லிய மின்னோட்டம் எழும். அதைக் கருவி உணர்ந்து ஒலி தருகிறது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட கிரகாம் பெல் இத்தகைய கருவியைக் கொண்டுவந்தார். ஆனால் குண்டு அகப்படவில்லை. கருவி ‘உலோகம் இருக்கிறது’ என்றுதான் சொல்லும். அது கொழுவா, குண்டா என்று சொல்லாது. ஆகவே ‘புதையல் எடுத்துத் தருகிறோம்’ என்று கருவியும் கையுமாக ஊருக்குள் வருவோருக்கு ஊராட்சி இடம் கொடுக்கலாகாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஐயத்துக்குரிய பொருள் கிடைத்தால் செய்ய வேண்டியவை இவை:

1. வேலையை உடனே நிறுத்துங்கள். பொருளைத் தொடவோ, நகர்த்தவோ, தட்டவோ, தண்ணீர் ஊற்றவோ வேண்டாம்.

2. ஆட்களையும் குழந்தைகளையும் கால்நடைகளையும் வெகுதூரம் அப்புறப்படுத்துங்கள். தொலைவில் ஓர் அடையாளம் நட்டு, ஒருவரைக் காவல் வையுங்கள்.

3. காவல் நிலையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அறிவியுங்கள். 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

4. பழைய இரும்புக் கடைக்காரருக்கும் உலைக்களக் கொல்லருக்கும் இந்த எச்சரிக்கையைச் சொல்லி வையுங்கள். 2004இல் காசியாபாத் அருகே ஓர் இரும்பாலையில், பழைய இரும்போடு வந்த போர்க் குண்டுகள் வெடித்துத் தொழிலாளர் பத்துப் பேர் உயிரிழந்தனர்.

அபாயம் இல்லை என்று நிபுணர் சொன்ன பின்னரே அப்பொருள் வரலாற்றுச் செல்வம் ஆகிறது. கர்நாடகத்தின் நகரா என்னும் ஊரில் 2018இல் பாழுங்கிணறு ஒன்றைத் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, திப்பு காலத்து இரும்பு ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. முறைப்படி எடுத்ததால்தான், அவை எங்கே, எந்த நிலையில், எத்தனை சேர்ந்து கிடந்தன என்பது தெரிந்தது. கிடைத்த இடம் தெரியாத பொருள், முகவரியில்லாத கடிதம் போன்றது.

துலக்குவதிலும் நாம் தவறுகிறோம். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி நல்லது. புதைபொருளுக்கு அது பகை. புளியும் அமிலமும் உப்புத்தாளும் பட்டால், பொத்தானிலிருந்த படைப்பிரிவின் எண்ணும் வாளிலிருந்த முத்திரையும் துருவோடு போய்விடும். நெருப்பில் காட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மண்ணிலிருந்த உப்பு இரும்புக்குள் ஊறியிருப்பதால், மேலே பளபளத்தாலும் சில மாதங்களில் ஏடு ஏடாக உதிர்ந்துவிடும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே இரசாயனப் பாதுகாப்புக் கூடம் இயங்கி வருகிறது. டாக்டர் எஸ். பரமசிவன் அங்கே மின்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளின் களிம்பு நோயைத் தீர்த்தார். பொருளைக் காரக் கரைசலில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தினால் உப்பு மெல்ல வெளியேறும். இரும்பை அவ்வாறு பக்குவப்படுத்தியபின் நன்கு உலர்த்தி, டானிக் அமிலம் தடவி, மெழுகு பூசுவர். இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் வேலை. நாம் செய்ய வேண்டியது, மண் ஒட்டியபடியே ஒப்படைப்பதுதான்.

‘அறிவித்தால் நிலம் போய்விடும், அலைய நேரும்’ என்று மறைப்போர் உண்டு. அவர்கள் அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். வேறு உரிமையாளர் இல்லையென்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு. நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கு. அரசாங்கம் எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறைத்தவருக்கோ பங்கும் போகும், தண்டனையும் வரும். வெடிபொருள்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

ஆகையால் ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்டெடுத்தவரைத் தனியே அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். நீங்களும் உடன் செல்லுங்கள். ஊர் துணை நின்றால் அச்சம் தீரும். அச்சம் தீர்ந்தால் மறைவு தீரும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த நான்கு விதிகளையும் உரக்கப் படியுங்கள். தூர் வாரும் பணி தொடங்கும் நாளில், மண்வெட்டி எடுப்பதற்கு முன் ஒரு முறை சொல்லுங்கள். அந்த ஒரு முறை சொன்னதால் ஒரு வீட்டுப் பிள்ளை மாலையில் நலமாக வீடு திரும்பினால், இன்று நாம் இங்கே கூடியதன் பயன் கைகூடியதாகும்.