விருந்தினரும் காப்பீடும்



'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாது புதிதாய் வந்தவரையே நம் முன்னோர் விருந்தினர் என்றனர். அப்பொருளில் பார்த்தால், உணவகமும் தங்கும் விடுதியும் நடத்துவோர்க்கு நாள்தோறும் விருந்தினரே.

கும்மிடிப்பூண்டியை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலை அவ்வழியே போகிறது. சிப்காட் தொழிற்பேட்டையும் அங்குள்ளது. லாரி ஓட்டுநரும் தொலைவிலிருந்து வந்த தொழிலாளரும் அங்கே உண்கின்றனர். திருவள்ளூரிலோ, அமாவாசைதோறும் வீரராகவப் பெருமாளை வழிபட வருவோர் பலர். இவர்களை நம்பியே எத்தனையோ குடும்பங்கள் சிறு கடைகள் நடத்திப் பிழைக்கின்றன.

அத்தகைய கடைக்கு வரும் இடர் இருவகைப்படும். ஒன்று, பொருளுக்கு வருவது. அடுப்புத் தீயும் எரிவாயு உருளையும் உள்ள இடத்தில் விபத்து தொலைவில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையைத் திருவள்ளூர் மாவட்டத்தார் மறந்திரார். இதற்கென்றே தீக்காப்பீடு இருக்கிறது. ஆனால் பத்து லட்ச ரூபாய்ப் பொருளை ஐந்து லட்சத்துக்கே காப்பீடு செய்து, இரண்டு லட்சம் இழந்தவருக்கு, பொது விதிப்படி ஒரு லட்சமே கிடைக்கும். பாதிப் பொருளுக்குத் தாமே காப்பாளர் என்பது அதன் கருத்து.

மற்றொன்று, விருந்தினரால் வரும் பொறுப்பு. 1998 ஆகஸ்டில், டில்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் கார்ச் சாவியை அங்குள்ள பணியாளரிடம் ஒப்படைத்தார். கார் களவு போயிற்று. யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. பின் அவர் இடத்தில் தான் நின்று, ஓட்டலின்மீது வழக்குத் தொடர்ந்தது. 'நிறுத்துவது உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டிருந்தோமே என்றது ஓட்டல். காவலில் ஏற்ற பொருளைக் கவனக்குறைவால் இழந்துவிட்டு, அச்சிட்ட வரியின்பின் ஒளிய இயலாது என்று 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெரிய ஓட்டல் இழப்பைத் தாங்கும். சாலையோரக் கடை தாங்குமா? உணவு கெட்டு ஒருவர் நோயுற்றாலும், ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாலும் இழப்பீடு கேட்கப்படலாம். இதற்காகவே பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டு. எனினும், நம் காவலில் உள்ள பிறர் பொருள் அதில் வழக்கமாக அடங்காது. உணவால் வரும் தீங்கும் சிலவற்றில் அடங்காது. அவற்றைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். கடை மூடிக்கிடக்கும் நாளின் வருவாய் இழப்புக்கும் தனிக் காப்பு வேண்டும்.

பல்லாண்டு ஆசிரியனாய் இருந்தவன் நான். கடன் தந்த வங்கி கேட்டதற்காகப் பாலிசி எடுத்து, உறையைப் பிரிக்காமலே பெட்டியில் பூட்டிய பெற்றோரைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்தத் தாளை எடுத்து, எவ்வளவு தொகைக்கு, எவ்வெவ் இடருக்கு, எவற்றை நீக்கி என்ற மூன்றையும் அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். காப்பீடு பணத்தை மீட்கும், உயிரை மீட்காது. அடுக்களையில் தூய்மையும் அடுப்பில் விழிப்புமே விருந்தினர்க்கு முதற்காப்பு.