மால்டாவுக்கு ஆறு இடம்!

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் கூடிய கழகப் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரை)



பாசறை அமைத்தோர் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, 'ஐரோப்பிய ஒன்றியம் - அதன் அரசியலும் உலகில் அதன் பங்கும்' என்பதாகும். தட்டியிலே தலைப்பைப் படித்த தோழர் ஒருவர் தேநீர்க் கடையிலேயே என்னை மடக்கிக்கொண்டார். "சாமைக்கு விலை கிடைக்கவில்லை, பலாவைக் கீழே கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை, ஐரோப்பா நமக்கு எதற்கு அண்ணே?" என்றார். நியாயமான கேள்வி! அதற்கு விடை கூற இயலாவிட்டால், வந்த வழியே மலையிறங்குவதுதான் எனக்கு மரியாதை.

இந்த மலையிலே கடுக்காய் பொறுக்குகிறீர்கள். கடுக்காய் மருந்துக்கு மட்டுமா போகிறது? தோல் பதனிடவும் பயன்படுகிற பொருள் அது. மலையிறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர். அங்கே தைக்கப்படும் காலணி ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பயணமாகிறது. மேனியிலே படும் தோற்பொருளில் 'குரோமியம் ஆறு' எனும் நஞ்சு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால், 2015 மே முதல் நாளிலிருந்து அதனை ஐரோப்பாவில் விற்கலாகாது என்று விதித்தது அந்த ஒன்றியம். சட்டம் பிறந்தது பிரஸ்ஸல்ஸ் நகரில். சோதனைச் சான்றுக்காகக் காத்து நின்றது ஆம்பூர்! நமது நாடாளுமன்றம் அதற்குக் கை தூக்கவில்லை. ஐரோப்பியக் கப்பற்படை சென்னைத் துறைமுகத்தை வளைத்துக்கொள்ளவும் இல்லை. 45 கோடி மக்கள் பொருள் வாங்கும் சந்தையின் கதவைச் சாத்துவோம் என்றனர். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

விதியைக் குறை கூறுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நஞ்சைத் தடுப்பது நல்ல காரியம். ஆனால், அந்நாட்டான் பாதத்துக்கு மில்லிகிராம் கணக்கு இருக்கிறது, நம் பாலாற்றுக்கு? தோல் கழிவால் பாழான ஆற்றுக்காக வேலூர்க் குடிமக்கள் உச்ச நீதிமன்றம் வரை நடந்து, 1996 ஆகஸ்டில்தான், கெடுத்தவனே இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்றார்கள். கரையோரத்திலே கிணறு கெட்டவனைக் கேளுங்கள், மில்லிகிராமின் அருமையை அவன் சொல்லுவான்.

ஈழத்தைப் பாருங்கள். இலங்கையின் ஆயத்த ஆடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தனிச் சுங்கச் சலுகை அளித்து வந்தது. மனித உரிமை பற்றிய உலக உடன்படிக்கைகளைக் கொழும்பு காப்பாற்றவில்லை என்று கண்டு, 2010 ஆகஸ்டில் அச்சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதத்தில் திரும்பக் கொடுத்தது. முள்ளிவாய்க்கால் நடந்ததோ 2009 மே மாதம். மடிந்தவர் மடிந்த பிறகு வந்த தண்டனை அது. அதுவும் யாரைச் சுட்டது? ஆட்சியாளரைக் காட்டிலும் தையற்கூடத்துப் பெண்களைச் சுட்டது. சந்தை எனும் படைக்கலம் எங்கே பாயும், எங்கே மழுங்கும் என்பதை அந்த ஒரு நிகழ்ச்சியிலே கற்றுக்கொள்ளலாம்.

இத்தகைய வலிமை அந்த ஒன்றியத்துக்கு எப்படி வாய்த்தது?

இரண்டு பெரும் போர்களிலே ஒருவரையொருவர் கொன்று குவித்தவர்கள் அவர்கள். 1950 மே 9ஆம் நாள், பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ராபர்ட் ஷூமன், பிரான்சின் நிலக்கரியையும் எஃகையும் ஜெர்மனியினுடையவற்றோடு சேர்த்து ஒரே பொது ஆணையத்தின்கீழ் வைப்போம் என்றார். பீரங்கி வார்க்கத் தேவையானவை அவை இரண்டுந்தானே! மறு ஆண்டு ஆறு நாடுகள் கையொப்பமிட்டன. 1957இல் ரோமாபுரி ஒப்பந்தம். 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம். இன்று 27 நாடுகள். போக விரும்பியவர் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். 2016இல் பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள், 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறிற்று. ஆங்கிலேயர் வெளியேறினர், ஆங்கிலம் வெளியேறவில்லை - நம் நாட்டிலே நடந்தது போலவே!

இந்த மலையிலே புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று பெயர்கள் வழங்குகின்றன. பல ஊர் கூடியது ஒரு நாடு. ஊரை அழித்து நாட்டை ஆக்கவில்லை உங்கள் பாட்டனார். ஊர் ஊராக இருக்க, நாடு அமைந்தது. இந்த நினைவோடு கேளுங்கள், மற்றவை எளிதாக விளங்கும்.

நாடகம் எழுதுகிறவன் நான். முதற்காட்சியில் எதை வைக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். அவர்களுடைய பொருளாதாரச் சமூகம் 1958இல் இயற்றிய முதலாம் எண் சட்டம் எதைப் பற்றியது தெரியுமா? வரியா? வாணிபமா? மொழி! டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் நான்கும் ஆட்சிமொழிகள் என்பதுதான் அந்த முதற்சட்டம். நான்கு இன்று 24 ஆகியிருக்கின்றன. எந்த ஆட்சிமொழியில் குடிமகன் கடிதம் எழுதினாலும் அதே மொழியில் மறுமொழி தரக் கடமைப்பட்டது ஒன்றியம். ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் பேர் வாழும் தீவு மால்டா. அவர்கள் மொழியும் ஆட்சிமொழி. நாமோ எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறோம். அட்டவணையில் இடமுண்டு, அரியணையில் இடமில்லை. 1965இல் நம் மாணவர் சிந்திய குருதி ஆங்கிலத்தைத் துணைக்கு நிறுத்தி வைத்ததே தவிர, தமிழுக்கு மத்தியில் நாற்காலி வாங்கித் தரவில்லை.

உடனே ஐரோப்பாவைக் கோயிலாக்கிக் கும்பிட்டுவிடாதீர்கள். ஸ்பெயினிலே கட்டலான் என்றொரு மொழி. மால்டா மொழியைப் போலப் பல மடங்கு மக்கள் பேசுவது. அதையும் சேர்க்க வேண்டும் என்று 2023இல் ஸ்பெயின் கேட்டபோது, எல்லா நாடுகளின் இசைவும் கிட்டவில்லை. மால்டாவின் மொழிக்குத் தனி அரசு இருக்கிறது, கட்டலானுக்கு இல்லை. தமிழன் இதை இருமுறை படிக்க வேண்டும்.

இனி, நான் சொல்ல வந்த கணக்கு. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 720 இடங்கள். எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. தலையை மட்டும் எண்ணினால் மால்டாவுக்கு ஒன்றுகூட முழுதாகத் தேறாது! எந்த நாட்டுக்கும் 6க்குக் குறையலாகாது, 96ஐத் தாண்டலாகாது, பெரிய நாடு தன் அளவுக்குச் சற்றுக் குறைத்தே பெற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். ஜெர்மனியின் உறுப்பினர் ஒருவர் எட்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பேசுகிறார். மால்டாவின் உறுப்பினர் ஒருவர் சுமார் தொண்ணூறாயிரம் பேருக்கு. ஜெர்மனி உடைந்துவிட்டதா? ஒன்றியம் சிதறிவிட்டதா?

அமைச்சர்கள் கூடும் அவையிலோ, பெரும்பாலான சட்டங்கள் நிறைவேற நாடுகளில் நூற்றுக்கு 55ம், அவை மக்கள் தொகையில் நூற்றுக்கு 65ம் கொண்டிருக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் ஆணையத்துக்கு அந்த அவையில் வாக்கே கிடையாது. நமது சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தை நோக்குங்கள். மத்திய அரசின் கையில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு. முடிவெடுக்கத் தேவை நான்கில் மூன்று பங்கு. மாநிலங்கள் அத்தனையும் ஒன்றாக எழுந்து நின்றாலும் டில்லி தலையசைக்காமல் ஒரு காசு வரியை மாற்ற முடியாது!

தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 1962 வரை 41 இடங்கள் இருந்தன. 1967இல் 39 ஆயின. பிறகு, குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற மாநிலங்கள் தண்டனை பெறலாகாதென்று 1976இல் இடங்களின் எண்ணிக்கையை உறைய வைத்தார்கள். 2001இல் அதனை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள் கணக்கு வரை நீட்டினார்கள். தலைக்கணக்கு ஒன்றையே அளவுகோலாக்கினால், சொன்னபடி நடந்தவன் இளைப்பான், சொன்னதைக் கேளாதவன் பெருப்பான். 2025 மார்ச் 22ஆம் நாள் சென்னையிலே பல மாநிலத் தலைவர்கள் கூடிப் பேசியது இதற்காகத்தான்.

மாற்றார் ஒன்று கேட்பர்: "ஐரோப்பா பல நாடுகளின் கூட்டு, இந்தியா ஒரே நாடு, ஒப்பிடலாமோ?" உண்மை, இரண்டும் ஒன்றல்ல. பிரிவினைக் கோரிக்கையை 1963இலேயே விட்டுவிட்டவர்கள் நாம். வெளியேறும் வழி கேட்டு நிற்கவில்லை. நான் திருப்பிக் கேட்பது இதுதான். ஒருவரையொருவர் சுட்டுக்கொன்றவர்கள் சிறியவனுக்கு ஆறு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். ஒரே சிறையில் ஒன்றாகக் கிடந்து விடுதலை பெற்றவர்கள், முப்பத்தொன்பதைக் காப்பாற்றித் தரக் கூடாதா?

அவர்கள் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பொது நாணயம் கண்டார்கள். பொதுக் கருவூலம் காணவில்லை. கிரேக்க நாடு கடனில் மூழ்கியது. 2015 ஜூலையில், கடன் கொடுத்தோரின் நிபந்தனை வேண்டாமென்று நூற்றுக்கு 61 பேர் வாக்களித்தார்கள். சில நாட்களுக்குள் அதே அரசு கடும் நிபந்தனைகளுக்குக் கையெழுத்திட்டது. பணப்பை ஓரிடத்திலும் பசி வேறிடத்திலும் இருந்தால் வாக்குப்பெட்டிக்கு என்ன மதிப்பு என்பதை ஏதென்ஸ் மக்கள் அறிவார்கள். நிதிப் பங்கீட்டுக்காக டில்லி வாசலில் நிற்கும் நாமும் அறிவோம்.

உணவுக்குப் பின் குழுக்களாகப் பிரிந்து அமரப் போகிறீர்கள். 1969இல் அமைக்கப்பெற்று 1971இல் அளிக்கப்பட்ட இராசமன்னார் குழுவின் அறிக்கையில் சில பக்கங்களைப் படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு குழு அதைப் படிக்கட்டும். மற்றொரு குழு மால்டாவின் ஆறு இடத்தையும் நம் முப்பத்தொன்பதையும் கரும்பலகையில் எழுதிக் கணக்குப் போடட்டும். தேநீர்க் கடைத் தோழர் இரண்டாவது குழுவில் உட்கார வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் இன்னும் கேள்விகள் இருக்கின்றன.