அமர்ந்து எய்த வில்லாட்டி
(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விற்பயிற்சிக்கு வேண்டுவன கூரிய கண்ணும், உறுதியான கையும், கலங்கா நெஞ்சமுமேயாம். இதனை உலகறிய மெய்ப்பித்தவர் நியூசிலாந்து நாட்டு நெரோலி பேர்ஹால் அம்மையார்.

1944-ஆம் ஆண்டிற் பிறந்த அவர், 1969-இல் மோட்டார் சைக்கிள் விபத்தொன்றிற் கால்களின் இயக்கத்தை இழந்தார். வில்லைக் கையிலெடுத்தது அதன் பின்னரே. 1982-இல் பிரிஸ்பேன் நகரில் நிகழ்ந்த காமன்வெல்த் போட்டியில், நின்று எய்தாரோடு தாம் சக்கர நாற்காலியில் அமர்ந்து எய்து, தங்கப் பதக்கம் வென்றார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிற் புகுந்து, சக்கர நாற்காலியிலிருந்து அப்போட்டியிற் கலந்துகொண்ட முதல்வரானார். ஆண்டு அவர் பெற்றது 35-ஆம் இடமே. ஆயினும் இலக்கு அவர்பொருட்டு அருகே நாட்டப்பட்டதன்று.

அமர்ந்து எய்தல் எளிதோ என வினவினார்க்கு, தாம் ஒருபோதும் நின்று எய்ததில்லையாதலின் அறியேம் என்று விடையிறுத்தார். 2006-இல் அவர் மறைந்தார்.

அன்பர்களே! நம் இல்லங்களிலும் கால் வழங்காப் பிள்ளைகள் உளர். விருந்தினர் வருங்கால் அவர்களை உள்ளறையில் இருத்துதல் பரிவாகாது. பள்ளிக்கு அனுப்புமின், தொழில் பயிற்றுமின். அவர்கள் வேண்டுவது நம் இரக்கத்தையன்று. எய்தற்கு ஓர் இலக்கையே.