ராக்கெட்டை வீழ்த்தாத புள்ளி

ஃபோர்ட்ரான் நிரலில் கமாவுக்குப் பதில் புள்ளி விழுந்ததால்தான் மரைனர் 1 விண்கலம் வெடித்ததா என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். பல கணினிப் புத்தகங்களில் வந்த கதைதான், ஆனால் உண்மையில்லை. 1962 ஜூலை 22 அன்று கேப் கனாவரலில் இருந்து வெள்ளிக் கோளுக்குக் கிளம்பிய மரைனர் 1 பாதை தவறியது. 293ஆவது விநாடியில் தரையிலிருந்து கட்டளை அனுப்பி அதை அழித்தார்கள். வழிகாட்டும் சமன்பாட்டை எடுத்தெழுதும்போது ஒரு குறியின் தலைமேல் இருக்க வேண்டிய கோடு விட்டுப்போயிருந்தது. புள்ளி விழுந்தது வேறிடத்தில், நாசாவின் மெர்க்குரி திட்டத்துக்கான சுற்றுப்பாதைக் கணக்கில். விடைகளின் துல்லியம் குறைவதைக் கவனித்துத் தேடியபோது அது அகப்பட்டது. விண்கலம் எதுவும் அதனால் விழவில்லை.

அந்தப் புள்ளி என்ன செய்தது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. 'டூ 10 ஐ = 1,10' என்றால், 10ஆம் எண்ணிட்ட வரி வரைக்கும் உள்ளதைப் பத்து முறை செய் என்று பொருள். கமா புள்ளியானதும் அது 'டூ10ஐ' என்ற மாறிக்கு 1.10 என்ற மதிப்பைத் தரும் வரியாகிவிடுகிறது. அப்படியொரு மாறியை யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் அன்றைய ஃபோர்ட்ரான் இடைவெளிகளைப் பொருட்படுத்தாது. புதுப் பெயரைப் பார்த்தால் தானே ஒரு மாறியை உண்டாக்கிக்கொள்ளும். ஐ முதல் என் வரையிலான எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண், மற்றவை தசம எண். பத்து முறை நடக்க வேண்டிய கணக்கு ஒரே முறை நடந்து முடியும், கம்பைலர் மூச்சு விடாது. இத்தனை ஆண்டுகளாகப் பழியோ தட்டச்சு செய்தவர் தலையில். இது அநியாயம். கை தவறுவது இயல்பு. அந்தத் தவறுக்குச் செல்லுபடியாகும் பொருளைக் கொடுத்தது மொழியின் விதி.

1957இல் ஜான் பேக்கஸ் குழு ஐபிஎம் 704க்காக ஃபோர்ட்ரானை உருவாக்கியபோது, நிரலைத் துளை அட்டைகளில் குத்தினார்கள். கணிதக்காரர்கள் ஐ, ஜே, என் என்று முழு எண்களைக் குறித்துப் பழகியவர்கள். அதனால் விதி நியாயமே என்பார்கள். அன்றைக்கு நியாயம்தான். எழுதியவரே திருத்தும் சிறிய நிரலில் அது பாரமில்லை. நிரல் கைமாறிய பிறகோ, புதிதாக வருபவருக்கு எது மாறி, எது எழுத்துப்பிழை என்றே தெரியாது. பழைய நிரலில் எல்லா மாறிகளையும் அறிவிக்கச் சொன்னால் எழும் 'ஓடுகிற நிரலில் கைவைக்காதே' என்ற எதிர்வாதத்திலும் பாதி உண்மை உண்டு. 'எம்' எழுத்தில் தொடங்கும் 'மாஸ்' பழைய விதிப்படி முழு எண், 2.7 கொடுத்தால் 2 ஆகிவிடும். அதைப் பார்த்து அவசரமாகத் தசம எண் என்று அறிவித்தால், நிரல் இதுவரை தந்த விடை மாறும். ஆகவே முதலில், அறிவிக்காத பெயரை ஏற்காதே என்னும் 'இம்ப்ளிசிட் நன்' கட்டளையை எழுதி, கம்பைலர் குறை சொல்லும் ஒவ்வொரு பெயருக்கும் பழைய விதி கொடுத்த வகையையே அறிவிக்க வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் தலைகாட்டும் பெயர்களைத் தனியே எடுத்து வைத்துச் சந்தேகப்பட வேண்டும். விடைகள் முன்போலவே வருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே திருத்தத்தில் இறங்கலாம். 'இம்ப்ளிசிட் நன்' கட்டளை ஃபோர்ட்ரான் 90இல்தான் தரநிலைக்குள் வந்தது. அதை எழுதாமல் விட்டால் 1957இன் விதி இன்றைக்கும் செல்லும்.