ஹார்ட்பர்னை விட்டு வந்தவர்



வாஷிங்டன் என்றதும் அமெரிக்கத் தலைநகரம் நினைவுக்கு வரும். அந்த நகரத்துக்குப் பெயர் தந்த முதல் ஜனாதிபதியையும் நமக்குத் தெரியும். அவருடைய குடும்பத்துக்கே பெயர் தந்த ஊர் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கில், பழைய டரம் மாவட்டத்தில் இருந்த சிற்றூர் அது. இன்று சண்டர்லாந்து மாநகர எல்லைக்குள் இருக்கிறது.

அந்தப் பெயரின் கடைசியில் இருக்கும் 'டன்' பழைய ஆங்கிலச் சொல். வேலியடைத்த மனை, பண்ணை என்று பொருள். நியூட்டன் என்றால் புதுப்பண்ணை. வாஷிங்டனின் முன்பகுதி ஒரு மனிதரின் பெயர் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அவருடைய வழியினர் குடியிருந்த பண்ணை என்று கொள்ளலாம்.

இனி சொல்லப்போவதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் என்றொருவர் இருந்தார். ஹார்ட்பர்ன் என்ற ஊர் அவர் கையில் இருந்ததால், அவரை ஹார்ட்பர்ன் வில்லியம் என்றார்கள். அந்த ஊரை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வாஷிங்டனைப் பெற்றார். டரம் பிஷப் 1183இல் எடுக்கச் செய்த நிலக்கணக்கில் இந்த மாற்று பதிவாகியிருக்கிறது. நிலத்துக்கு 4 பவுண்டு வரி. பிஷப்பின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு போகவும் வேண்டும். குடும்பப்பெயர் இன்னும் நிலைபெறாத காலம் அது. ஊர் மாறியது, பெயரும் மாறியது. அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்காதிருந்தால், அமெரிக்காவின் தலைநகரை இன்று ஹார்ட்பர்ன் என்று அழைத்துக்கொண்டிருப்போம்!

பிறகு அந்த வம்சத்தின் கிளைகள் பல திசைகளில் பிரிந்தன. ஒரு கிளை தெற்கே நார்தாம்ப்டன்ஷயரில் வேரூன்றியது. அங்கே கம்பளி வணிகத்தில் செழித்த லாரன்ஸ் வாஷிங்டன், 1539இல் சல்கிரேவ் நிலத்தை வாங்கி வீடு கட்டினார். அவர் வழிவந்த ஜான், 1650களில் கடல் கடந்து வர்ஜீனியாவில் குடியேறினார். அந்த ஜானின் கொள்ளுப்பேரன்தான் 1732இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன். அவர் பதவியில் இருந்தபோதே, 1791இல், புதிய தலைநகருக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஊரிலிருந்து மனிதருக்கு வந்த பெயர், மனிதரிடமிருந்து மறுபடியும் ஊருக்குப் போனது.

மூல ஊரில் அந்தக் குடும்பத்தின் பழைய மாளிகை 1930களில் இடிக்கப்பட இருந்தது. ஊர்க்காரர்கள் குழு அமைத்துப் போராடி அதைக் காப்பாற்றினார்கள். இப்போது நேஷனல் டிரஸ்ட் அதைப் பராமரிக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலை நாளை அந்த ஆங்கிலேய ஊரில் கொண்டாடுகிறார்கள்.