வீட்டில் இருந்தும் இல்லாதவர்கள்

 

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலானது. அம்மாத இறுதியில் நமது அக்குறணையும் தனிமைப்படுத்தப்பட்டது. அந்நாட்களில் பலர் வீட்டறையையே அலுவலகமாக்கிக் கொண்டனர். 2022 ஜூன் மாதத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் அரச ஊழியர்களும் வீட்டிலிருந்தே பணிபுரியுமாறு கேட்கப்பட்டனர். அந்நெருக்கடிகள் நீங்கின, பழக்கமோ பலரிடம் நிலைத்துவிட்டது.

இதில் நன்மையுண்டு. கண்டியிலிருந்து கொழும்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணமும், அறை வாடகையும் மிச்சம். ஆனால் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கொழும்பில் தொழில் செய்த மகன் முன்பு வார இறுதியில் வருவான். உம்மாவின் அருகே அமர்ந்து உண்பான். இன்று ஏழு நாளும் வீட்டிலேயே இருக்கிறான். உம்மா மூடி வைத்த சோறு ஆறிப்போகிறது. அறைக் கதவு திறப்பதில்லை.

காரணம் என்ன? நியூயோர்க்கில் காலை 9 மணியாகும்போது, அவர்களது கோடையில் நமக்கு மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. மஃரிப், இஷா வேளைகளில்தான் அங்கே அலுவலகம் திறக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசை புரிவார்கள். தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பஜ்ருக்கு முன்னர், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின்னர் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுச் சிறுவர்களும் அனுமதி பெற்றே உள்ளே வரவேண்டும் என ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனம் கற்பிக்கிறது. பெற்ற பிள்ளைக்கே அனுமதி தேவைப்படும் வேளையில், அலுவலகம் மட்டும் கேளாமல் நுழையலாமா?

இளைஞர்களே! பணி நேரத்தை முற்கூட்டியே பேசி வரையறுத்துக் கொள்ளுங்கள். பாங்கொலி கேட்டதும் கணினியை மூடுங்கள். இரவுப் பணி தவிர்க்க முடியாததெனில், பகலில் ஒருவேளை உணவையேனும் குடும்பத்தோடு உண்ணுங்கள்.

பெற்றோர்களே! "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று பணி நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். ஊதியம் பெறும் நேரம் ஓர் அமானிதம். வீட்டிலிருந்து தொழில் புரியும் மகளின், மருமகளின் தோளில் சமையலையும் குழந்தையையும் சேர்த்துச் சுமத்தாதீர்கள். நபியவர்களின் ஒத்தாசை ஆண்களுக்கே முன்மாதிரி.

வல்ல அல்லாஹ் நமது உழைப்பிலும் இல்லங்களிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.